என்டர் விசையால் வீணான ஒரு வவுனியாப் பயணம்

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, அங்கே பேருந்து மாறி, ஏ9 வீதியால் வவுனியாவுக்குச் செய்முறைத் தேர்வுக்குப் போன நான் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டேன். சி என்ற கணினி மொழியில் எழுதிக் கொண்டுபோன செய்நிரல் மிக எளியது: கமக்காரர் அமைப்பு உறுப்பினரின் இலக்கம், முழுப்பெயர், ஊர் ஆகியவற்றை வாங்கி அச்சிட வேண்டும். இலக்கத்தைக் கொடுத்து என்டரை அழுத்தியதும், அது பெயருக்குக் காத்திராமல் நேரே ஊரைக் கேட்டது. "வீட்டில் ஒழுங்காக ஓடியது, சேர்" என்றேன். "இங்கே ஓடவில்லையே, அடுத்த கிழமை வாருங்கள்" என்று சொல்லிவிட்டு மதிப்பீட்டாளர் அடுத்தவரை அழைத்தார். எங்கே பிழை என்று ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னமும் உண்டு.

இலக்கத்தை வாசிக்கும் ஸ்கான்எஃப் (scanf) என்ற செயற்கூறு, அதாவது சி மொழியில் ஆயத்தமாக உள்ள கட்டளை, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, என்டர் இட்ட வரிமுறிவை உள்ளீட்டிலேயே விட்டுவிடுகிறது. பின்னால் வரும், ஒரு முழு வரியை வாசிக்கும் எஃப்கெட்ஸ் (fgets) அதைக் கண்டதும் வரி முடிந்துவிட்டதாகக் கொண்டு வெறுமையாகத் திரும்புகிறது. இதற்கு மருந்தாக, தேங்கியதை வெளியே தள்ளும் எஃப்ஃபிளஷை (fflush) உள்ளீட்டின்மேல் ஏவும்படி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது வெளியீட்டுக்கென அமைந்த செயற்கூறு; விசைப்பலகை உள்ளீட்டில் அது என்ன செய்யும் என்று சி மொழியின் அதிகாரபூர்வ விதித்தொகுப்பான சி நியமம் வரையறுக்கவில்லை. என் வீட்டு விண்டோஸ் கணினியில் அது பலித்தது, தேர்வுக்கூடத்து லினக்ஸில் பலிக்கவில்லை. தேர்வுக்கூடத்தில் எந்த இயங்குதளம் என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரியை வாசிக்கும் பழைய செயற்கூறான கெட்ஸைப் (gets) பயன்படுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். எழுத்துகளை வைக்க ஒதுக்கிய இடமான அணியின் அளவைப் பாராமல் எழுதும் அந்தச் செயற்கூற்றின் வழியாகத்தான் 1988இல் மொரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் தீய செய்நிரல் பல கணினிகளுக்குள் நுழைந்தது. 2011ஆம் ஆண்டு நியமத்தில் அது நீக்கப்பட்டே விட்டது.

இரவல் வாங்கிய லினக்ஸ் மடிக்கணினியில் மூன்று விவரங்களையும் எஃப்கெட்ஸாலேயே வரிவரியாக வாசித்து, முதல் வரியிலிருந்து எண்ணை, வாசித்த வரிக்குள் தேடும் எஸ்ஸ்கான்எஃப்பால் (sscanf) பிரித்தெடுத்தேன். வரியின் கடைசியில் தங்கும் வரிமுறிவை எஸ்டிஆர்சிஸ்பன்னால் (strcspn) கண்டுபிடித்து அந்த இடத்தில் சொல்லின் முடிவைக் காட்டும் பூச்சியக் குறியை இட்டேன். அத்துடன் முடிந்தது என்று நினைத்து ஊரைத் தமிழில் தட்டினால், "ஒட்டுச" என்பதோடு அறுந்து ஒரு சிதைந்த குறி வந்தது. ஊருக்கு நான் ஒதுக்கியிருந்த அணி 20 பைட், அதாவது 20 சேமிப்பு அலகு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் (UTF-8) தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதாலும், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதாலும், கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் ஒட்டுசுட்டான் 39 பைட் ஆகிவிடுகிறது. சொல்லின் நீளத்தைச் சொல்லும் எஸ்டிஆர்லென் (strlen) எண்ணுவதும் பைட்டைத்தான். அணியை 200 ஆக்கினேன். திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf), அட்டவணையின் நிரல்களுக்கு இடைவெளி விடும்போதும் பைட்டையே எண்ணி வரிசையைக் கோணலாக்குவதால், ஊரைக் கடைசி நிரலுக்கு மாற்றினேன்.

இரண்டாம் முறை போனபோது மதிப்பீட்டாளர் தாமே இலக்கத்தையும், இடைவெளியுடன் ஒரு முழுப்பெயரையும், தமிழில் கிளிநொச்சி என்பதையும் தட்டினார். மூன்றும் சிதையாமல் திரையில் வந்தன. எதுவும் பேசாமல் கையொப்பமிட்டார்.