கேக்குக்கு ஏசி

படுக்கையறையில் ஏர்கான் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து வெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "கேக்குக்கு ஏசியா? கரண்ட் காசுக்குக் கடையிலேயே வாங்கிடலாமே!"

கேக் மேல் பூசுகிற பிரவுன் சுகர் பட்டர்கிரீம். ஐசிங் சர்க்கரை மாவாக இருப்பதால் வெண்ணெயில் அப்படியே கலந்துவிடும். பிரவுன் சுகர் அப்படிக் கலக்காது, பல்லில் நறநறக்கும். அதனால் முதலில் கொஞ்சம் பால் விட்டு அடுப்பில் கரைத்தேன். ஓரமெல்லாம் நுரை கட்டி, பொங்கல் அன்றைக்கு வருகிற வாசம். ஒரு சிட்டிகை உப்பு. பிறகு நன்றாக ஆற வேண்டும்.

குறிப்பு எழுதுகிறவர்கள் 'அறை வெப்பத்தில் வெண்ணெய்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது 20 டிகிரி ஊர்க் கணக்கு. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் மதியம் 31. வெண்ணெய் 32, 35-லேயே உருகிவிடும். ஏசி இல்லாமல் என்ன செய்ய?

அடுத்த தடவை பிரவுன் சுகருக்குப் பதில் குலா மலாக்கா, அதாவது தென்னை வெல்லம். பாண்டான் இலை வாசக் கேக்குக்கு அதுதான் சேரும்.