கோவ், லப, ஸத்தெஹ்…

கோவ், லப, ஸத்தெஹ், அஃபர், ஷன். சோமாலி மொழியில் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள், நாக்கு தானாகவே தாளம் போடும்! பத்துக்கு ‘தொபன்’. பதினொன்றுக்கு ‘கோவ் இயோ தொபன்’, அதாவது ஒன்றும் பத்தும். சிறிய எண் முன்னால் வரும். இந்த விதியோடு இருபது, முப்பது என்ற பத்துகளும் மனப்பாடமானால் தொண்ணூற்றொன்பது வரை கவலையில்லை. ஆனால், வரிசையாக எண்ணும்போதுதான் ‘கோவ்’. பொருளோடு சேர்த்தால் ‘ஹல்’. தேநீர் வேண்டுமா? ‘ஹல் கோப் ஷாஹ்’, ஒரு கோப்பை தேநீர்.

தண்ணீர் ‘பியோ’, அரிசி ‘பரீஸ்’, பால் ‘ஆனோ’. இந்த ஆனோதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் ஒலி தொண்டையின் அடியிலிருந்து எழ வேண்டும், அரபு மொழியின் ‘ஐன்’ போல. அதை எழுத லத்தீனின் ‘சி’ எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஸத்தெஹ்ஹின் கடைசி ஒலிக்கு ‘எக்ஸ்’!

இந்த லத்தீன் எழுத்துமுறை அதிகாரபூர்வமானது 1972இல்தான். 1974இல் பள்ளிகளை மூடி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள், நாடோடி மேய்ப்பர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க. பிள்ளைகள் ஆசிரியர்களாகி, ஒட்டகம் மேய்க்கும் பெரியவர்கள் மாணவர்களாக அமர்ந்த அந்த வகுப்புகளை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.