கோர்த்ததும் கோத்ததும்

2024 ஜூன் மாதம், பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரம். தமிழய்யா ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, "உங்க வீட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்றார். அரை மணி நேரம் கொடுத்தார். நான் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கட்டுரை எனக்கு வாய்ப்பாடு மாதிரி. பத்தாம் வகுப்புத் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வரும். படம் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்து எழுத வேண்டும். நான் படத்தைப் பார்க்கவே மாட்டேன். மரம் வந்தாலும், உழவர் வந்தாலும், புத்தகம் படிக்கும் பிள்ளை வந்தாலும் பொருந்துகிற மாதிரி எட்டு வரி கைவசம் இருந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஒருமுறைகூட மதிப்பெண் குறைந்ததில்லை.

அந்தத் தெம்பில்தான் அன்றைக்கும் எழுதினேன். 'எங்கள் வீடு அன்பு என்னும் அடித்தளத்தின் மேல், பாசம் என்னும் செங்கற்களால் கட்டப்பட்டது' என்று தொடங்கியது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எழுதி முடித்ததும் பக்கத்தில் இருந்த தோழியிடம் அதைக் காட்டினேன். (எங்கள் வீடு ஹாலோ பிளாக் கல்லில் கட்டியது. வாடகை வீடு.)

ஐயா தாள்களை வாங்கி ஒரு பழைய கவரில் போட்டுக்கொண்டார். மதிப்பெண் போடவில்லை. திருப்பித் தரவும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம், தனி நோட்டில், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

அந்த நோட்டில் அவர் 'நன்று' என்று எழுத மாட்டார், சிவப்பு மையில் அடிக்கவும் மாட்டார். பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார், அவ்வளவுதான். முதல் வாரம், 'என் அம்மா எங்களுக்காக இரவு பகலாக உழைக்கிறார்' என்று எழுதியிருந்தேன். வட்டம். 'என்ன வேலை?' அடுத்த வாரம், 'அம்மா கொலுசு வேலை செய்கிறார்.' வட்டம். 'கொலுசில் எந்த வேலை?' அதற்கு அடுத்த வாரம், 'அம்மா கொலுசில் சலங்கை கோர்க்கிறார்.' இந்த முறை 'கோர்க்கிறார்' என்பதற்கு மேலே 'கோக்கிறார்' என்று திருத்தியிருந்தார். அதோடு ஒரு வட்டம். 'எந்தக் கையால்?'

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தக் கையால் என்றால் வலது கையால்தான், வேறு எந்தக் கையால்? எங்கள் பகுதி சேலத்தில் சிவதாபுரம். தெருவுக்கு நாலு வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும். அப்பா பட்டறைக்குப் போகிறார், அம்மா வீட்டிலேயே செய்கிறார். பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. எனக்குத் தெரியாதா?

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு கறுப்புத் துணியை விரித்திருந்தார். எவர்சில்வர் தட்டு ஒன்றில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வளையங்கள், இன்னொன்றில் சலங்கைகள். இரண்டு கையிலும் இரண்டு குறடு. வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் லேசாகத் திருக, வாய் திறக்கிறது. சரி, இரண்டு கையிலும் குறடு இருக்கும்போது சலங்கையை எடுப்பது எது? அங்கேதான் எனக்குத் தெரியாதது இருந்தது. அம்மா இடது கைக் குறட்டைக் கீழே வைப்பதே இல்லை. கடைசி இரண்டு விரலுக்குள் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சலங்கையை எடுத்து வளையத்தில் மாட்டுகிறார். மாட்டியதும் குறடு தானாக விரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு சலங்கைக்கு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"என்னடி அப்படிப் பாக்கற?" என்றார் அம்மா.

"எந்தக் கையில செய்யறீங்கன்னு பாக்கறேன்."

"ஏன், உங்க இஸ்கூல்ல கேட்டாங்களா?" என்று சிரித்தார். கேட்டார்கள்தான்.

பார்த்ததை எழுதிக் கொடுத்த பக்கத்தில் வட்டம் வரவில்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் நான் எழுதியதெல்லாம் விரல்தான். பூக்கட்டுபவர் விரல், தட்டுவடை செட் போடுகிற அண்ணன் விரல் (தட்டுவடை மேல் சட்னி தடவி, கேரட் பீட்ரூட் துருவல் வைத்து, இன்னொரு தட்டுவடையை மேலே வைத்து அமுக்கும்போது எந்த விரல் என்று அரைப் பக்கம்), டவுன் பஸ் கண்டக்டர் விரலிடுக்கில் நோட்டு மடித்து வைத்திருப்பது. கடைசியில் ஐயா நோட்டைக் கையில் கொடுக்கும்போது, "கண்ணு, விரலை விட்டுட்டு கொஞ்சம் ஆளையும் பாரு" என்றார். வகுப்பே சிரித்தது. இப்போது படித்துப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை.

பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டால் விதியைச் சொல்வேன், எழுதும்போது ஒற்றை விட்டுவிடுவேன். 'சுவற்றில்' என்று எழுதிக்கொண்டிருந்தேன், 'சுவரில்' என்பதுதான் சரி. 'முயற்சித்தேன்' எழுதிய இடத்திலெல்லாம் 'முயன்றேன்' ஆனது. இதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. 'கோத்து' மட்டும் பழகவில்லை. எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊசியில் நூலைக் கோர்ப்பார்கள், பூவைக் கோர்ப்பார்கள், சலங்கையைக் கோர்ப்பார்கள். 'கோத்தார்' என்று எழுதினால் அது வேறு யாரோ ஒரு அம்மா மாதிரி இருந்தது. ஐயாவிடம் கேட்டேன். "அம்மா பேசற இடத்துல கை வெக்காத, அவங்க கோர்க்கட்டும். நீ சொல்ற இடத்துல கோத்துடு" என்றார். அன்றிலிருந்து ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். இந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட இலக்கணத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

காலாண்டுத் தேர்வில் அடி விழுந்தது. கட்டுரைக் கேள்வியை நோட்டில் எழுதுவது போலவே எழுதினேன். முன்னுரை இல்லை, உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, முடிவுரையும் இல்லை. திருத்தியவர் வேறொரு ஆசிரியர். பாதிக்கும் கீழே போட்டு, 'கட்டுரை அமைப்பு எங்கே?' என்று எழுதியிருந்தார். தாளை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "அவங்க கேட்டது சரிதானே? தேர்வுன்னா உட்தலைப்பு போடு, மேற்கோள் போடு, கோடு போட்டு அழகா எழுது. நோட்டு வேற, அது வேற" என்று முடித்துவிட்டார். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது, இப்போதும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் அப்படியே செய்தேன். 2025 மார்ச் பொதுத்தேர்வில் என் கட்டுரைக்கு ஐந்து உட்தலைப்பு, இரண்டு குறள், முடிவுரையில் 'பாடுபடுவோம்' எல்லாம் இருந்தது.

தமிழ் வளர்ச்சித் துறை பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சு என்று போட்டி வைக்கும். முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தது 7,000, அப்புறம் 5,000. தலைப்பை அங்கே போன பிறகுதான் சொல்வார்கள். எங்கள் பள்ளியிலிருந்து கட்டுரைக்கு நான் போனேன். பரிசு கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை, பத்தாயிரம் கிடைத்தால் என்ன வாங்குவது என்று பஸ்ஸில் போகும்போதே பட்டியல் போட்டுவிட்டேன் என்பதைத் தவிர.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. புதுச்சேரி பக்கம் கரையேறிய புயல், இங்கே சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, திருமணிமுத்தாற்றில் வெள்ளம். சித்தி வீடு ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகிற ஊர். போன் எடுக்கவில்லை. அரையாண்டு விடுமுறை விட்டதும் அம்மாவும் நானும் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் சில இடங்களில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். பஸ் அந்த இடத்தில் மாட்டு வண்டி மாதிரி போனது.

ஏற்காடு பற்றி நான் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வட்டம் வாங்கியிருந்தேன். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு, ஏழைகளின் ஊட்டி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்றெல்லாம். எல்லாம் சரியான தகவல்தான். ஐயா ஓரத்தில் எழுதியது: 'இது போர்டிலேயே இருக்குமே. உன் சித்தி எங்கே?'

சித்தி தோட்டத்தில் இருந்தார். காப்பிப் பழம் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். அந்த மழையில் பழுத்தது நிறைய உதிர்ந்து போயிருந்தது. கீழே இலைக்குள் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பை கட்டிக்கொண்டு நானும் பொறுக்கினேன். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியிலிருந்து இன்னமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

சும்மா ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தேன். இனித்தது! தோலுக்குக் கீழே கொஞ்சம்தான் சதை, வழவழவென்று இருக்கும், உள்ளே இரண்டு கொட்டை. காப்பி வாசனை என்று ஒன்றுமே இல்லை. சித்தியிடம் சொன்னதற்கு, "வறுத்தாத்தான்டி அது காப்பி" என்றார்.

விடுமுறை முடிந்து அதை எழுதினேன். ஐயா வகுப்பில் படிக்கச் சொன்னார். 'காப்பிப் பழம் இனிக்கும், காப்பி வாசனை வராது' என்ற இடத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பொய்" என்றாள். இன்னொருத்தி, "எங்க மாமா எஸ்டேட்ல இருக்காரு, நெசம்தான்" என்றாள். ஐந்து நிமிடம் சண்டை. நான் எழுதிய ஒரு வரிக்காக வகுப்பு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. அன்பு என்னும் அடித்தளத்துக்கு யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

எனக்கு இன்னும் வராதது முடிப்பது. பழைய பழக்கம் கை விடாது, கடைசி வரியில் யாருக்காவது அறிவுரை சொல்லிவிடும். பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் கொட்ட மாட்டார்கள், அதில் வெள்ளி இருக்கும், சேர்த்து வைத்து விற்பார்கள். அதை எழுதிவிட்டு, 'நம் வாழ்விலும் இப்படித்தான்' என்று ஆரம்பித்தேன். நானே வட்டம் போட்டு அடித்தேன்.

பொதுத்தேர்வு முடிந்த அன்றைக்கு ஐயா பழைய கவரைக் கொண்டுவந்து ஜூன் மாதத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். படிக்கவே கூச்சமாக இருந்தது. அன்பு, பாசம், செங்கல், 'குடும்பம் ஒரு கதம்பம்'. பாதிப் பக்கத்தில், மூன்றாவது பத்தியில், ஒரு வரியை இரண்டு கோடு போட்டு அடித்திருந்தேன். ஐயா அடித்ததல்ல, நானே அடித்தது, என் நீல மை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிந்தது: 'வளையம் கீழே விழுந்தால் எங்கள் வீட்டில் யாரும் நடக்க மாட்டோம்.'

ஜூனிலேயே அது எனக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுரைக்கு ஆகாது என்று அடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கதம்பத்தைக் கட்டியிருக்கிறேன். அந்த வரியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம், மெலிதாக. பக்கத்தில் கேள்வி எதுவும் இல்லை. ஒன்பது மாதம் அதைக் கவரில் வைத்திருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மேல் கொஞ்சம் கோபம்தான்.

விடுமுறையில் அந்த வரியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். டங் என்று சத்தம் கேட்டதும் அம்மா "அசையாத" என்பார். தம்பி ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பான். அப்பா வாசலிலேயே செருப்போடு நிற்பார். பட்டறையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் வாங்குவார்கள், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அம்மா மட்டும் முழங்காலில் ஊர்ந்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்ப்பார். தாழ்வாகப் பார்த்தால்தான் மின்னும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குறடு நிற்கவில்லை, கேட்டுக்கொண்டே கோத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு சலங்கையை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை வளையம் விழுந்துச்சுன்னு எழுதலையே?"