டிக் செய்னி நாய் வளர்த்த கதை

ஹாலிவுட் இயக்குநர் ஆடம் மெக்கேயின் படங்களை மாமனாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் மனைவியின் யோசனை. "அப்பாவுக்கு அரசியல்னா உயிரு, உங்களுக்கு காமெடின்னா உயிரு. ரெண்டும் ஒரே படத்துல இருக்கு" என்றாள்.

மெக்கேயின் பூர்வீகம் சுத்தமான காமெடி. அமெரிக்க டிவியின் 'சாட்டர்டே நைட் லைவ்' காமெடி நிகழ்ச்சியில் தலைமை எழுத்தாளராக இருந்தவர். அங்கே பழக்கமான நடிகர் வில் ஃபெரலை வைத்து 2004-இல் 'ஆங்கர்மேன்', 2006-இல் 'டல்லடேகா நைட்ஸ்', 2008-இல் 'ஸ்டெப் பிரதர்ஸ்' என்று எடுத்துத் தள்ளினார். கடைசிப் படத்தில் நாற்பது வயதாகியும் பெற்றவர்கள் தயவில் காலம் தள்ளும் இரண்டு தடிமாடுகள்தான் நாயகர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மாப்பிள்ளை அதை மாமனாரோடு பார்க்கக் கூடாது. தாண்டிவிட்டோம்.

2010-இல் வந்த 'தி அதர் கைஸ்' போலீஸ் காமெடிதான். ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, முதலாளிகளின் சம்பளம், மோசடித் திட்டங்கள், வங்கிகளைக் காப்பாற்ற அரசு கொட்டிய பணம் எல்லாம் வரைபடமாக வருகின்றன. சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறவனை கணக்கு வாத்தியார் பிடித்து உட்காரவைத்த மாதிரி. மனிதர் தடம் மாறுகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் 2015-இல் 'தி பிக் ஷார்ட்'. அமெரிக்க வீட்டுக் கடன்கள் மூழ்கி 2008-இல் உலகமே ஆடிப்போன கதை. மாமனார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக் கடன்களைச் சேர்த்து முதலீடாக விற்கும் அடமானப் பத்திரம் என்றால் என்ன என்பதை நடிகை மார்கோ ராபி நுரை பொங்கும் குளியல் தொட்டியில் படுத்தபடி விளக்குகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தை காபியோடு வந்தார்.

"லோன் பத்தித்தான் சொல்றாங்க" என்றார் மாமனார்.

"எந்த பேங்க்கு?" என்றார் அத்தை.

அடுத்து சமையல்காரர் ஆண்டனி போர்டெய்ன் வந்து, விற்காத பழைய மீனைக் குழம்பில் போட்டுப் புதுப் பண்டமாகத் தள்ளிவிடுவதைக் காட்டி, வாராக் கடன்களை ஒன்றாகக் கட்டி விற்ற சூட்சுமத்தைச் சொன்னார். மாமனார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தைக்குப் புரிந்துவிட்டது. "ஓட்டல்ல மீன் குழம்பு வேணாம்னு நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" இந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

வில்லங்கம் 2018-இல் வந்த 'வைஸ்' படத்தில். புஷ்ஷின் துணை அதிபராக இருந்து ஈராக் போருக்கு வழி பண்ணிய டிக் செய்னியின் கதை. உடம்பைப் பெருக்கிக்கொண்டு கிறிஸ்டியன் பேல் நடித்திருப்பார். படத்தின் நடுவிலேயே, செய்னி அரசியலை விட்டு விலகி, குடும்பத்தோடு நிம்மதியாக நாய் வளர்த்து வாழ்ந்தார் என்று காட்டி, இசை பொங்க, பெயர்கள் ஓடத் தொடங்கும். அது மெக்கேயின் குசும்பு. கொஞ்சம் பொறுத்தால் ஃபோன் மணி அடிக்கும், புஷ் தரப்பிலிருந்து அழைப்பு வரும்.

பொறுத்தால்தானே? மாமனார் லைட்டைப் போட்டு, டிவியை அணைத்து, "கச்சிதமா முடிச்சுட்டான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். "மாமா, அந்த ஆளு வைஸ் பிரசிடென்டா ஆனாரே..." என்று இழுத்தேன். "அது இவரோட அண்ணனா இருக்கும் மாப்பிள்ளை" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நடைப்பயிற்சி நண்பர்கள் இதைக் கேட்டு என்ன பாடு படுத்தினார்களோ, திரும்பி வந்ததும் வராததுமாக ரிமோட்டைத் தேடினார். மீதியைப் போட்டோம். வேட்டைக்குப் போன இடத்தில் செய்னி கூட வந்தவரையே சுட்டுவிடுகிறார். குண்டடி பட்டவர், தன்னால் செய்னி குடும்பத்துக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு வருந்துவதாகச் சொல்கிறார். "இதெல்லாம் டைரக்டர் விடுற ரீல்" என்றார் மாமனார். 2006-இல் நடந்ததை ஃபோனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

அதன்பிறகு எந்தப் படத்திலும் எழுத்து ஓடினால் எழுந்திருப்பதில்லை என்று சபதம். 2021-இல் வந்த 'டோன்ட் லுக் அப்' பார்த்தபோது அதற்குப் பலனும் கிடைத்தது. வால் நட்சத்திரம் மோதி பூமி அழிந்து, பெயர்கள் ஓடும் நேரத்தில் இன்னும் இரண்டு காட்சிகள் வைத்திருக்கிறார் மெக்கே. "பாத்தியா!" என்று எல்லோரையும் ஜெயித்தவர் போலப் பார்த்தார்.

அத்தை அந்தக் கட்சியிலேயே இல்லை. அதிபரைப் பார்க்கக் காத்திருக்கும் விஞ்ஞானிகளிடம், வெள்ளை மாளிகையில் இலவசமாகக் கிடைக்கும் நொறுக்குத்தீனிக்கு ஒரு ராணுவ ஜெனரல் காசு வாங்கிவிடுவார். படத்தில் விஞ்ஞானிகளில் ஒருவராக வரும் ஜெனிஃபர் லாரன்ஸும் அதை நினைத்து நினைத்துப் புலம்புவார்.

"உலகம் அழிஞ்சது சரி, அவ்வளவு பெரிய ஆபீசர் ஓசி சிப்ஸுக்கு ஏன் காசு வாங்கினான்?" என்றார் அத்தை.

"அதோட விட்டிருப்பான்னு நினைக்கிறியா? ஆபீஸ்லயும் பில் போட்டு வாங்கியிருப்பான்" என்றார் மாமனார், வங்கி ஆடிட் பார்த்த அனுபவத்தில்.