கல்சியத்துக்குக் கால் எங்கே?

"அண்ணா, கல்சியத்துக்குக் கால் எங்க போச்சு?"

சென்னை லேபில் ஒரு போத்தலின் சீட்டைப் பார்த்து ஒரு தம்பி கேட்டது. 'கல்சியங் குளோரைட்டு' என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்தில் படித்தவனுக்கு அது கல்சியம்தான். ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் காபன். சிரித்து முடித்தபின் துணைக்கால் சேர்த்துப் புதுச் சீட்டு ஒட்டியாயிற்று. பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் இங்கே கால் இல்லாமலே எழுதுகிறேன்.

அல்ஜினேட் ஹைட்ரோஜெல்லுக்கு, அதாவது தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூழுக்கு, கல்சியம்தான் உயிர். அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சரக்கு. அந்த இனத்துச் சார்காசம் பாசி மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் வளரும். அதற்குக் கடவுச்சீட்டுக் கிடையாது. சோடியம் அல்ஜினேட் 2 கிராம், தண்ணீர் 100 மில்லி. கல்சியம் அயனி பட்டதும் பக்கத்து அல்ஜினேட் மூலக்கூற்றுச் சங்கிலிகளின் குலுரோனேட் (ஒரு சர்க்கரை அலகு) பகுதிகள் அதை நடுவில் பிடித்துக்கொள்ளும். முட்டைத் தட்டில் முட்டை இருப்பதுபோல என்று 1973இல் சொன்ன விளக்கம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. சூடு வேண்டாம், நச்சு இணைப்பான் வேண்டாம். அதனால் உயிருள்ள கலங்களையே உள்ளே வைத்து மணியாக்கலாம். (கலம் என்றால் நெல் அளக்கிறதா என்பார்கள். இங்கே அது செல்.)

இவ்வளவு சாதுவான சரக்கைச் சென்னையில் கெடுப்பது தண்ணீர். குழாயில் இன்றைக்கு வருவது மெட்ரோவா, லாரியா, போரா என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் கல்சியமும் மக்னீசியமுமாக ஏறத்தாழ 3 மில்லிமோலார். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பீக்கரில் கண்ணுக்குத் தெரியாத கல்சியப் படலம் இருக்கும். அதில் அல்ஜினேட்டைக் கரைத்தால் நூல் நூலாகத் திரியும், பிறகு மணி சொட்டவிடும் ஊசி அடைக்கும். கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில்தான். கேன் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்.

வன்னீர் (கடினநீர்) எங்களுக்குப் புதிதா என்ன? சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிவரும் கிணற்றுத் தண்ணி எங்கட. கேத்திலுக்குள் வெள்ளைப் படை தட்டினால் அம்மா பழப்புளி கரைத்து ஊற்றி வைப்பா. விடிய உரிந்து வரும். இங்கே வாளியில் படிகிறதும் அதே வெள்ளைதான்.

அல்ஜினேட் பொடியை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. உப்புமாவுக்கு ரவை தூவுவதுபோலச் சுழலும் தண்ணீரில் தூவி, இரவு முழுக்கக் கலக்க விடவேண்டும். இல்லாவிட்டால் வெளியே வழுவழு, உள்ளே காய்ந்த மா. அவசரப்பட்டு ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலன்) வைத்தால் சங்கிலி அறுந்து கரைசல் நீர்த்துப்போகும்.

அடுத்த எதிரி ஈரக்காற்று. நீரற்ற கல்சியங் குளோரைட்டைத் திறந்து வைத்தால் போத்தலுக்குள்ளேயே கரைந்து நிற்கும், நிறுத்த எடை பொய். இரண்டு நீர் மூலக்கூறு உள்ள வகையை வாங்கி 100 மில்லிக்கு 1.47 கிராம் போட்டால் 100 மில்லிமோலார். அதற்குள் அல்ஜினேட் கரைசலை 22 கேஜ் ஊசியால் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சொட்டவிட்டு, 10 நிமிடம் ஊறவைக்கலாம். மணிக்கு வால் முளைத்தால் அல்ஜினேட் கரைசல் தடிப்பு, அல்லது ஊசி மிகத் தாழ்வு.

கழுவும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கைக்குக் கிடைக்கிற பாஸ்பேட் பஃபரை ஊற்றினால் பாஸ்பேட் கல்சியத்தைப் பிடுங்கும். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், மணி ஊதித் தளர்ந்துவிடும். 0.9 சதவீத உப்புநீரில் 2 மில்லிமோலார் கல்சியம் சேர்த்துக் கழுவினால் தப்பும். கலங்களை மீட்க வேண்டிய நாளில் வேண்டுமென்றே 55 மில்லிமோலார் சிட்ரேட் ஊற்றுவோம், கரைந்துவிடும்.

இன்னொரு கூழ்ச் சரக்கான ஜெலட்டினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 'அறை வெப்பநிலையில் உறையும்' என்று எழுதியவர்களின் அறை 22 பாகை. ஏசி நின்ற சித்திரை மாதத்து அறையில் அது தண்ணீர்.

ஊறிய மணிகளைப் பார்த்தால் எங்கட ஊர்ச் சர்பத்துக் கசகசா நினைவு வரும். அந்த விதையும் ஹைட்ரோஜெல்தான். தண்ணீர் பட்டதும் கல்சியம் கேட்காமலே தோல் ஊதிவிடும். ஆனால் மாம்பலத்துக் கடையில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவைக் கட்டித் தருவார்கள். எத்தனை மணி நேரம் போட்டாலும் ஊறாது. சப்ஜா என்று கேட்க வேண்டும்.