படிவத்தில் இல்லாத காரணம்

2020 கோடையில், கொரோனா ஊரடங்கின்போது, தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையத்தில் விண்ணப்பித்து இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தில் பயணத்துக்கான காரணம் என்று கேட்ட கட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பதில்களே இருந்தன. திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம், வெளியூரில் சிக்கிக்கொண்டவர் ஊர் திரும்புவது. ரம்ஜான் கிடையாது. ஆடிப்பெருக்கு கிடையாது. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவது, எதுவும் கிடையாது. “அம்மாவைப் பார்த்து நாலு மாசமாச்சு” என்பதற்கு அங்கே இடமே இல்லை.

பாஸ் பிரிவிலும் உதவி எண்களிலும் வேலை பார்த்தவர்கள் வாங்கிய ஏச்சில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலிருந்துதான் கிளம்பியது. ஜனங்களுக்குக் கட்டுப்பாடே பிடிக்கவில்லை என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அது பாதிதான் உண்மை என்று தெரியும். நோய் பயம் எல்லாருக்கும் இருந்தது. யாரும் எங்கும் போகக்கூடாது என்றிருந்த ஏப்ரலில், சித்திரை முதல் தேதியைக்கூட முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் கழித்தார்கள். சிலர் போகலாம், சிலர் போகக்கூடாது என்று ஆன பிறகுதான் குரல் உயர்ந்தது.

“சார், அக்கா பொண்ணுக்குச் சடங்கு. நான்தான் தாய்மாமன். இதுக்கு எதை அமுக்கணும்?” என்று ஒருவர் கேட்டால், விதிப்படி பதில்: எதையும் அமுக்க முடியாது. தாய்மாமன் இல்லாமல் அந்த வீட்டில் காரியம் நடக்காது என்பது பதில் சொல்பவருக்கும் தெரியும். “அதுக்குப் பாஸ் இல்லைங்க” என்று போனை வைத்தால், சற்று நேரத்தில் அதே செல் எண்ணிலிருந்து ‘திருமணம்’ என்று ஒரு விண்ணப்பம் வந்து நிற்கும். கேட்டவர் பொய்யர் ஆகிவிட்டார். அவரை அப்படி ஆக்கியது அந்தக் கட்டம்.

அதற்கப்புறம் அழைப்பிதழ் படிக்கிற வேலை. நிஜமான கல்யாணப் பத்திரிகையில் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் விவரங்கள் நிறைய உண்டு. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, தமிழ் வருடப் பெயர், நட்சத்திரம், முகூர்த்த நேரம், இரு வீட்டார் ஊர், மண்டபம். செல்போனில் பத்திரிகையைத் திருத்துகிறவர் பெரும்பாலும் ஆங்கிலத் தேதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை விட்டுவிடுவார். கிழமையும் மாற்றியவர் மேலே ‘விகாரி வருடம்’ என்று இருப்பதைப் பார்க்கமாட்டார். 2020 ஏப்ரல் 14-க்குப் பிறகு நடக்கிற கல்யாணம் சார்வரி வருடத்தில் வரவேண்டும். விகாரி என்றால் அது போன வருடத்துப் பத்திரிகை. எழுத்துருவும் காட்டிக்கொடுக்கும். மற்ற வரிகள் அச்சகத்து எழுத்தில் இருக்க, தேதி வரி மட்டும் செல்போன் எழுத்தில் இருக்கும்.

முகூர்த்த நேரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. திங்கள்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம் என்றால் ராகு காலமாயிற்றே என்று சந்தேகம் வரும். ஆடியில் கல்யாணமா என்றும் தோன்றும். ஆனால் முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். சுயமரியாதைத் திருமணம் செய்கிறவர்களில் வேண்டுமென்றே ராகு காலத்தில் வைப்பவர்களும் உண்டு. அந்த முறைக்கு 1967-லேயே சட்ட ஏற்பு கிடைத்துவிட்டது. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தால் அரசு அலுவலகம் சோதிடர் வீடாகிவிடும். சந்தேகம் வந்தால் மண்டபத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் வழி. அதற்கு நேரம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

இறப்புக்கான விண்ணப்பம் இன்னும் கடினம். ஆஸ்பத்திரியில் இறந்தால் உடனே ஒரு தாள் கிடைக்கும். கிராமத்து வீட்டில் விடியற்காலை உயிர் பிரிந்தால் என்ன தாள் இருக்கும்? கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் படம்தான் கையில் இருக்கும். மாலையில் உடலை எடுத்துவிடுவார்கள் என்றால் மதியத்துக்குள் பாஸ் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் போனில் பிடித்து உறுதி செய்துகொண்டு விடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவது ‘இறப்பு’ என்ற கட்டத்துக்குள் வருமா என்பதற்குப் படிவத்தில் பதில் கிடையாது. பார்க்கிற ஆளைப் பொறுத்து அது மாறியது. ஒரே தெருவில் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காதபோது, கிடைக்காதவர் நோயைத் திட்டுவதில்லை.

தள்ளுபடியான எல்லாமே பொய்யும் அல்ல. ஆதாரில் உள்ள பெயருக்கும் பத்திரிகையில் உள்ள பெயருக்கும் இனிஷியல் ஒத்துவராது. படம் மங்கலாக இருக்கும். வண்டி எண்ணில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும். வாடகைக் கார் கடைசி நேரத்தில் பழுதாகி வேறு கார் வந்தால், சோதனைச் சாவடியில் பாஸில் உள்ள எண் ஒன்று, நிற்கிற வண்டி ஒன்று என்று ஆகிவிடும். ஓட்டுநர் பெயரைச் சேர்க்க மறந்தவர்களும் அப்படித்தான் மாட்டினார்கள். 2020 ஜூனில் டாக்சியில் ஓட்டுநர் தவிர மூன்று பேர், ஆட்டோவில் இரண்டு பேர் என்பது கணக்கு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் உள்ள வீடு ஒரே டாக்சியில் போக முடியாது. யாரை விட்டுவிட்டுப் போவது? இந்தக் கேள்வியையும் உதவி எண்ணில்தான் கேட்டார்கள்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதும் ஒரு தலைவலி. 2020 ஜூன் 1 முதல் மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம், தாண்டினால் வேண்டும் என்றார்கள். கரூர் மாவட்டம் கோவையோடு ஒரு மண்டலம். திருச்சி மாவட்டம் தஞ்சாவூரோடு இன்னொன்று. குளித்தலை கரூரில் இருக்கிறது, முசிறி திருச்சியில் இருக்கிறது, நடுவில் ஒரு காவிரிப் பாலம். குளித்தலைக்காரர் கோயம்புத்தூர் வரை கேள்வியில்லாமல் போகலாம், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகப் பாஸ் வேண்டும். கோடு போட்டவர் வரைபடத்தைப் பார்த்தார், பெண் கொடுத்து எடுத்த ஊர்களைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதக் கடைசியில் மறுபடி மாவட்டவாரியாகப் பாஸ் வந்தபோது, மண்டலத்துக்குப் பழகியவர்கள் சாவடிகளில் வந்து நின்றார்கள். நேற்று வரை விட்டீர்களே என்ற கேள்விக்கு, இன்று விதி மாறிவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பிறகு ஆடிப்பெருக்கு. 2020-ல் அது ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. புதுத்தாலி மாற்ற ஆற்றங்கரைக்குப் போக முடியாமல் வீட்டுக் குழாயடியில் மாற்றிக்கொண்டார்கள். முந்தின நாள் பக்ரீத், அதற்குப் பள்ளிவாசல் தொழுகை இல்லை. 22-ம் தேதி விநாயகர் சதுர்த்தி, அதற்குப் பொது இடத்தில் சிலை இல்லை, ஊர்வலம் இல்லை. எல்லா மதத்துக்கும் ஒரே அளவுகோல் என்று எடுத்துச் சொல்ல முடிந்த இடங்களில் வாக்குவாதம் சீக்கிரம் முடிந்தது. டாஸ்மாக் என்று எதிராளி ஆரம்பித்தால் முடியாது. சென்னைக்கு வெளியே கடை மே 16-லிருந்து திறந்திருந்தது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ல்தான் திறந்தன. 2021-லும் அதே வரிசைதான்: பல மாவட்டங்களில் மதுக்கடை ஜூன் 14, கோயில் ஜூலை 5. உதவி எண்ணில் இருப்பவரிடம் இதற்கு வாதம் கிடையாது. “உங்கள் கேள்வி நியாயம்தான், என் கையில் இருப்பது இந்தப் பாஸ் மட்டும்தான்” என்று சொன்னவர்கள் தப்பித்தார்கள். அரசுக்காக வாதாடப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2020 ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் செல் எண்ணும் கொடுத்து விண்ணப்பித்தால் உடனே பாஸ் என்று மாற்றினார்கள். அன்று ஆவணி முதல் தேதி, முகூர்த்தங்கள் தொடங்குகிற மாதம். காரணத்தைச் சல்லடை போடுகிற வேலை ஒரே நாளில் போயிற்று. பத்திரிகையைத் திருத்தவேண்டிய அவசியமும் போயிற்று, பாஸ் வாங்கித் தருகிற புரோக்கருக்குக் காசு கொடுக்கிற அவசியமும் போயிற்று. ஆகஸ்ட் 22-ல் மத்திய உள்துறைச் செயலர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, ஆட்கள் நடமாட்டத்துக்குத் தனி அனுமதி கூடாது என்றார். செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் இ-பாஸே ரத்து. அந்த வருடத் தீபாவளிக்கு, நவம்பர் 14-க்கு, ஊருக்குப் போகக் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் அலையில் பழைய கதை திரும்பியது. 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு என்று 8-ம் தேதி அறிவித்து, 8, 9 இரண்டு நாளும் பேருந்துகளை ஓடவிட்டார்கள். ரம்ஜான் 14-ம் தேதி. ஊருக்குப் போக நினைத்த எல்லாரும் அந்த இரண்டு நாளில் கிளம்ப, கோயம்பேட்டில் கூட்டம் நெரிந்தது. கூடாதீர்கள் என்பதற்காகப் போட்ட உத்தரவு, அவகாசத்தின் அளவினாலேயே கூட்டம் சேர்த்தது. மே 17-ல் இ-பதிவு வந்தது. இதில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம், பதிவு செய்தால் போதும். காரணங்கள் மருத்துவம், இறப்பு, திருமணம், அதோடு முதியோருக்கான தேவை. 2020-ல் இல்லாத அந்தக் கடைசிக் காரணம்தான் அம்மாவைப் பார்க்கப் போகிறவருக்கு மிக அருகில் வந்த கட்டம். ஆனாலும் வண்டிகள் திருமணத்தில்தான் குவிந்தன. வந்த வேகத்திலேயே அந்தக் காரணத்தைத் தூக்கிவிட்டு, நிஜமான கல்யாண வீட்டார் கூச்சல் போட்ட பிறகு நிபந்தனையோடு திரும்பச் சேர்த்தார்கள். விண்ணப்பிப்பவர் மணமக்களில் ஒருவராகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டும். பெயர் பத்திரிகையில் இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஒரே பதிவு. வருகிற வண்டிகள் எல்லாம் அதற்குள்ளேயே. இந்த நான்கு வரி முந்தின வருடமே இருந்திருந்தால் விகாரி வருடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டாம்.

அதிலும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்பது உச்சவரம்பு. பிறகு எண்கள் ஏறியும் இறங்கியும் வந்தன. விதி தலையை எண்ணியது. வீட்டில் முறையை எண்ணுவார்கள். மாலை போடத் தாய்மாமன், முடிச்சுப் போட நாத்தனார், பங்காளிகளில் வீட்டுக்கு ஒருவர், பெரியவர்கள் என்று எழுதும்போதே எண் முடிந்துவிடும். சமையல்காரர், மேளக்காரர், போட்டோ எடுப்பவர், ஐயர், மண்டபத்து ஆட்கள் எல்லாரும் இந்த 50-க்குள்ளேயா வெளியேயா என்பது தினமும் வந்த கேள்வி. உள்ளே என்று எடுத்துக்கொண்டு பட்டியல் போடச் சொல்வதே பத்திரம். ஆய்வுக்கு வருகிறவர் மண்டபத்தில் இருக்கிற தலைகளைத்தான் எண்ணுவார், யார் வேலையாள் என்று கேட்டுக்கொண்டிருக்கமாட்டார். சமையலுக்கும் பரிமாறவும் எட்டுப் பேர், மேளம் நான்கு, போட்டோ இரண்டு, ஐயர் ஒருவர் என்று வைத்தால் 15 போய்விடும். மிச்சம் 35, பெண் வீட்டுக்குப் பதினேழு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பதினெட்டு. அந்த ஒரு தலைக்கும் சண்டை வரும். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு, சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு குழுவும் சந்திக்கும் என்பதுதான் பதில். பட்டியலில் விடுபட்ட சித்தப்பா அண்ணனிடம் கோபித்துக்கொள்ள முடியாமல் உதவி எண்ணுக்குப் போன் போடுவார். “ஐம்பதுன்னு எவன் சொன்னது?” என்று தொடங்கும் அழைப்புகளில் பல அப்படிப்பட்டவை. அவருக்கு அரசாணை எண்ணைச் சொல்லிப் பயனில்லை. பேசவிட்டால் மூன்று நிமிடத்தில் அண்ணன் கதைக்கு வந்துவிடுவார்.

போனில் மறுப்புச் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். இன்று மாலையா அடுத்த வாரமா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். அடுத்து யார் யார், எந்த வண்டி. காரணத்தைக் கடைசியில் கேட்பது நல்லது. எடுத்த எடுப்பில் “என்ன காரணம்?” என்றால் விசாரணை மாதிரி ஆகி, எதிராளி பொய்யைத் தயார் செய்துகொள்வார். மறுக்க வேண்டியிருந்தால் எது குறைகிறது என்பதைச் சொல்ல வேண்டும், எந்த விதி தடுக்கிறது என்பதை அப்புறம் சொல்லலாம். ஒன்பதாம் மாதப் பெண்ணை வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பவரிடம் வளைகாப்புக்கு இடமில்லை என்பது ஒரு பதில். பிரசவத்துக்குப் போகிறவர் என்பதால் மருத்துவக் காரணத்தில் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கர்ப்பிணி அட்டையை இணையுங்கள் என்பது இன்னொரு பதில். இரண்டும் விதிக்குள் அடங்கியவைதான்.

2022 பொங்கலில் பாஸும் இல்லை, பதிவும் இல்லை. பேருந்தில் 75 விழுக்காடு இருக்கை, இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கு, ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்கள் மூடல், ஞாயிறு முழு ஊரடங்கு. அந்த ஞாயிறு 16-ம் தேதி, காணும் பொங்கல். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை 17-க்குத் தள்ளிவைத்தார்கள். காணும் பொங்கலைத் தள்ளிவைக்க முடியாது. மாட்டுக்கு ஒரு நாள் கொடுத்தீர்கள், மனுஷனுக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு உதவி எண்களில் பதில் இல்லை. சொந்த வண்டியில் ஊருக்கு வந்திருந்தவர்களுக்குச் சொல்ல முடிந்தது இதுதான்: சனிக்கிழமை இரவு 10 மணிக்குள் வீடு போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள், இல்லையென்றால் திங்கள் காலை 5 மணிக்கு மேல்.