எ ஸ்கேனர் டார்க்லி: அரியர் எழுதித் தேறியவளின் குறிப்புகள்

முதுகலை ஆங்கிலத்தில் அறிவியல் புனைவுத் தாளை இரண்டாம் முறை எழுதி, கடந்த வாரம் தேறினேன். முதல் முறை என்னை வீழ்த்தியது ஒரே தவறு. ஃபிலிப் கே. டிக் 1977இல் வெளியிட்ட 'எ ஸ்கேனர் டார்க்லி' நாவலைப் பாதியில் விட்டுவிட்டு, 2006இல் வந்த திரைப்படத்தை நம்பி, நாயகனின் மேலதிகாரி ஹேங்க்தான் அவன் காதலிக்கும் டானா என்று எழுதினேன். படத்தில் அப்படித்தான், நாவலில் இருவரும் வெவ்வேறு ஆட்கள். கண்காணிப்பைப் பற்றிய என் விடை முழுவதும் அந்த முடிச்சை நம்பி நின்றதால் சரிந்தது. தேர்வு முடியும்வரை படத்தைத் தொடாதீர்கள்.

இம்முறை, ஒவ்வொரு காட்சியிலும் நாயகன் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறான் என்பதைப் பக்க ஓரத்தில் குறித்தேன். போதைக் கூட்டத்துக்குள் மறைந்து வாழும் ரகசியப் போலீஸ்காரன் அவன்: வீட்டில் பாப் ஆர்க்டர், அலுவலகத்தில் ஃப்ரெட், இறுதியில் மறுவாழ்வு இல்லத்தில் புரூஸ். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். 15 லட்சம் பேரின் முகக்கூறுகள் மாறி மாறித் தோன்றும் அங்கிக்குள் ஃப்ரெட் மறைந்திருப்பதால், அவன் யாரென்று துறைக்கே தெரியாது. அதனாலேயே ஆர்க்டரை வேவு பார்க்கும் வேலை அவனிடமே வருகிறது. தன்னைத்தான் பார்க்கிறோம் என்ற தெளிவோடு தொடங்குபவன், சப்ஸ்டன்ஸ் டி என்ற போதைப்பொருள் மூளையின் இரு பாதிகளையும் பிரித்த பிறகு, ஆர்க்டரை அந்நியனாகவே சந்தேகிக்கிறான்.

தலைப்பின் வேர் 1 கொரிந்தியர் 13:12. 'கண்ணாடியிலே நிழலாட்டமாய்' என்ற தமிழ் வேதாகமத் தொடரை நினைத்துக்கொண்டபோதுதான் எனக்கு நாவலே திறந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் டிக் ஸ்கேனரை வைக்கிறார். அது தன்னைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்று ஆர்க்டர் ஏங்கும் பத்தியைப் பலமுறை படியுங்கள். தன்னைக் காண இயலாதவன், தன்னை வேவு பார்க்கும் கருவியிடமே அந்த வேலையை ஒப்படைக்கிறான்.

மற்றவை:
- கதைக்களம் 1994, கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி.
- ஆர்க்டரின் கூட்டாளிகள் பாரிஸ், லக்மன், ஃப்ரெக்: ஆளுக்கு ஒரு வரி போதும்.
- பின்னுரையில் போதையால் இறந்த, சிதைந்த நண்பர்களின் பட்டியல். அதில் ஆசிரியர் தம்மையும் சேர்த்திருக்கிறார்.

டானாவைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். சப்ஸ்டன்ஸ் டியின் ஊற்றென்று சந்தேகிக்கப்படும் நியூ-பாத் மறுவாழ்வு இல்லத்துக்குள் ஐயமின்றி நுழைய உண்மையிலேயே சிதைந்த ஒருவன் தேவை என்பதற்காக, ஆர்க்டரின் சம்மதமின்றி அவனை அழிய விட்டவர்களில் அவளும் ஒருத்தி. அதற்காக மனம் நொந்தவளும் அவளே. இவ்விரண்டையும் ஒரே பத்தியில் வையுங்கள். போதைப்பொருளுக்கான நீலப் பூவைப் பறித்துக் காலணிக்குள் ஒளிக்கும் புரூஸின் கடைசிக் காட்சிக்குப் 10 நிமிடம் மிச்சம் வைத்திருங்கள். அது சாட்சியமாக வெளியே போய்ச் சேர்ந்ததா என்பதை நாவல் சொல்வதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.